ராட்ஜர்ஸை வீணாக்கியது யார்? ஒரு பேர்ஸ் ரசிகனின் பதில்

கேள்வி இதுதான்: "ஆரோன் ராட்ஜர்ஸ் நான்கு முறை எம்.வி.பி. விருது, அதாவது லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது, வாங்கியவர். கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு 2008 முதல் 2022 வரை 15 பருவங்கள் முதன்மை குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவராக ஆடினார். ஆனால் லீக்கின் சாம்பியன் கோப்பையான சூப்பர் பவுல் கிடைத்தது ஒரே ஒரு முறை. பேக்கர்ஸ் ரசிகர்கள் பயிற்சியாளர்களைத் திட்டுகிறார்கள். சிகாகோ பேர்ஸ் ரசிகர்களோ அவர் பெரிய ஆட்டங்களில் சறுக்குகிறவர் என்கிறார்கள். யார் சொல்வது சரி?"

நான் பேர்ஸ் ரசிகன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராட்ஜர்ஸ் பேக்கர்ஸுக்காக எங்களுக்கு எதிராக ஆடிய 29 லீக் ஆட்டங்களில் 24-ஐ ஜெயித்தார். 2008, 2010, 2013, 2015, 2018 என்று ஐந்து வருடங்களில் வருடத்துக்கு ஒரு முறைதான் தோற்றார். அந்த ஐந்தில் ஒன்றில் காலர் எலும்பு முறிந்து முதல் சில நிமிடங்களிலேயே வெளியே போனார். 2021 அக்டோபரில் எங்கள் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்திலேயே ஓடிப்போய் டச்டவுன் அடித்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்து "நீங்க எல்லாம் எனக்குச் சொந்தம், இப்பவும் சொந்தம்" என்ற பொருளில் கத்தினார். கோபம் வந்தது. ஆனால் மறுத்துச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. இதையெல்லாம் பார்த்த ஒருவன் "அவர் சாதாரண ஆட்டக்காரர்" என்று எழுதினால் அது பொய்.

என் பதில் இது: பேக்கர்ஸ் ரசிகர்கள் சொல்வதுதான் உண்மைக்கு அருகில் இருக்கிறது. ஆனால் அவர்கள் தவறான பயிற்சியாளரை, தவறான காரணத்துக்காகத் திட்டுகிறார்கள். அப்புறம், ராட்ஜர்ஸ் மேலும் கொஞ்சம் பழி உண்டு. அது எங்கள் ரசிகர்கள் சொல்லும் இடத்தில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது.

அமெரிக்கன் ஃபுட்பால் அதிகம் பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். தாக்குகிற அணிக்குப் பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன். நான்காவது டவுன் வந்ததும் பயிற்சியாளர் முடிவெடுக்க வேண்டும்: இன்னொரு முறை முயன்று பார்ப்பதா, பந்தை உதைத்து எதிரணியிடம் தூரமாகத் தள்ளிவிடுவதா, கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி தரும் ஃபீல்டு கோலோடு நிறுத்திக்கொள்வதா? பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்த்தால் டச்டவுன், அதற்கு 6 புள்ளி, பிறகு கூடுதலாக ஒன்றோ இரண்டோ சேரும். குவாட்டர்பேக் தாக்கும்போது மட்டும்தான் களத்தில் இருப்பார். எதிரணி தாக்கும்போது ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் எவ்வளவு பெரியவரானாலும் ஆட்டத்தின் பாதியை வெளியே இருந்துதான் பார்க்கிறார். ராட்ஜர்ஸ் கதையில் பெரும்பகுதி அந்தப் பாதியில்தான் நடந்தது.

அவர் ஜெயித்த அந்த ஒரு வருடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜனவரி 23, சோல்ஜர் ஃபீல்டில் பேர்ஸுக்கும் பேக்கர்ஸுக்கும் லீக்கின் இரண்டு பெரும் பிரிவுகளில் ஒன்றான என்.எஃப்.சி.யின் இறுதி ஆட்டம். ஜெயித்தால் சூப்பர் பவுல். இந்த இரண்டு அணிகளும் 1921 முதல் மோதிக்கொண்டிருக்கின்றன, ஆனாலும் இவ்வளவு பெரிய ஆட்டத்தில் சந்தித்துக்கொண்டதில்லை. நாங்கள் 21-14 என்று தோற்றோம். அன்று ராட்ஜர்ஸ் ஒரு டச்டவுன் பாஸ்கூட எறியவில்லை. இரண்டு முறை பந்தை எங்கள் கையில் கொடுத்தார். கோல் கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் பிரையன் அர்லாக்கர் ஒரு பந்தைப் பிடித்துக்கொண்டு திறந்த வெளியில் ஓடினார். அவரைக் காலில் விழுந்து மடக்கியது யார் தெரியுமா? அந்தப் பந்தை எறிந்த ராட்ஜர்ஸேதான். என்னைப் பொறுத்தவரை அவருடைய அன்றைய சிறந்த ஆட்டம் அந்த மடக்கல்தான்.

ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தது அவர்களுடைய தடுப்பாட்டம். எங்கள் குவாட்டர்பேக் ஜே கட்லர் முழங்கால் காயத்தோடு வெளியேற, மூன்றாவது ஆளாக கேலப் ஹேனி இறங்கினார். அவர் எறிந்த பந்தை பி.ஜே. ராஜி என்ற மலைபோன்ற மனிதர் பிடித்து டச்டவுன் ஆக்கினார். கடைசி நிமிடத்தில் சாம் ஷீல்ட்ஸ் இன்னொன்றைப் பிடித்து முடித்துவைத்தார். அந்தப் பருவத்தில் லீக்கிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணிகளில் பேக்கர்ஸுக்கு இரண்டாவது இடம். இரண்டு வாரம் கழித்து பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸை 31-25 என்று வென்று கோப்பை எடுத்தார்கள். அந்த இறுதியில் ராட்ஜர்ஸ் அற்புதமாக ஆடினார், சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். ஆனால் அந்த இடத்துக்கு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தது மற்றவர்கள். ராட்ஜர்ஸ் சுமாராக ஆடிய ஒரு நாளிலும் அணி ஜெயித்தது. அதற்குப் பிறகு அவர் கிரீன் பேயில் இருந்த காலம் முழுக்க அணி சூப்பர் பவுலுக்குத் திரும்பவே இல்லை.

அடுத்த வருடமே என்ன ஆனது என்று பாருங்கள். 2011-ல் ராட்ஜர்ஸ் 45 டச்டவுன் எறிந்தார், 6 முறைதான் பந்தை இழந்தார். அணி 15 வெற்றி, ஒரு தோல்வி. முதல் எம்.வி.பி. விருதும் அந்த வருடம்தான். அதே அணியின் தடுப்பாட்டம் யார்டு கணக்கில் லீக்கின் 32 அணிகளில் 32-வது. இரண்டாவது வாரத்திலேயே கழுத்துக் காயத்தோடு நிக் காலின்ஸின் ஆட்ட வாழ்க்கை முடிந்துபோனது. பின்வரிசையைக் கட்டிக் காத்தவர் அவர்தான். அந்த ஓட்டை அடைக்கப்படவே இல்லை. தோற்றால் வெளியேற வேண்டிய ஜனவரிச் சுற்றான பிளே-ஆஃபில், முதல் ஆட்டத்திலேயே நியூயார்க் ஜயன்ட்ஸிடம் சொந்த மண்ணில் 37-20 தோல்வி. அதற்கடுத்த ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிடம் 45-31. அன்று எதிரணிக் குவாட்டர்பேக் காலின் கேப்பர்னிக் காலாலேயே 181 யார்டு ஓடினார். குவாட்டர்பேக் ஒருவர் அதுவரை ஓடியதிலேயே அதுதான் அதிகம். கேப்பர்னிக் பிறந்தது மில்வாக்கி, அதாவது பேக்கர்ஸின் சொந்த மாநிலமான விஸ்கான்சின்.

தடுப்பாட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் டாம் கேப்பர்ஸ். 2010-ல் அந்த அருமையான தடுப்பை உருவாக்கியவரும் அவரேதான், அதனால் அவரைத் திறமையற்றவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2011-லிருந்து 2017 வரை ஏறத்தாழ ஒரே கதை திரும்பத் திரும்ப நடந்தும் அவரை மாற்றவில்லை. தலைமைப் பயிற்சியாளர் மைக் மெக்கார்த்தி மேல் எனக்கு இருக்கும் முதல் புகார் இதுதான். பேக்கர்ஸ் ரசிகர்கள் மெக்கார்த்தியைத் திட்டும்போது பெரும்பாலும் அவருடைய தாக்குதல் திட்டத்தைத் திட்டுகிறார்கள்: பழைய பாணி, பந்து வாங்குபவர்களைத் தனித்தனியாக ஓடவிட்டு "நீயே ஜெயித்துக்கொள்" என்று விட்டுவிடுகிறார், ஆட்டத்துக்கு முன் ஆட்களை நகர்த்தி எதிரணியைக் குழப்புவதில்லை என்று. 2017, 2018-ல் அது உண்மைதான். ஆனால் ஆரம்பத்தில் ராட்ஜர்ஸைச் செதுக்கியதில் மெக்கார்த்திக்குப் பெரிய பங்கு உண்டு.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ராட்ஜர்ஸ் பந்தைக் காதுக்குப் பக்கத்தில் மேலே தூக்கிப் பிடித்து எறிவார். அங்கே அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அணிகள் வரிசைப்படி கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட்; 2005 டிராஃப்டில் முதல் இடம் வைத்திருந்த சான் பிரான்சிஸ்கோ அவரை விட்டுவிட்டு அலெக்ஸ் ஸ்மித்தை எடுத்தது. ராட்ஜர்ஸ் 24-வது இடம்வரை காத்திருந்து கிரீன் பேக்குப் போனார். அந்த வருடம் சான் பிரான்சிஸ்கோவில் தாக்குதல் பயிற்சியாளராக இருந்தவர் மெக்கார்த்தி! மறுவருடமே அவர் கிரீன் பேயின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அதற்கடுத்த இரண்டு வருடம் பிரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராட்ஜர்ஸின் கைவேலை, கால்வேலை எல்லாம் மாறியது. பந்தைப் பிடிக்கும் இடம் கீழே இறங்கியது, மணிக்கட்டைச் சுண்டினால் போதும் என்று ஆனது. நாம் இன்று "இயற்கை வரம்" என்று சொல்லும் அந்த எறிதலில் பாதி, பயிற்சிகளில் யாரும் பார்க்காத நேரத்தில் உருவானது. 'கோச் வீணாக்கிவிட்டார்' என்று ஒரே வரியில் முடிக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, மெக்கார்த்தியின் உண்மையான தவறு எங்கே? 2015 ஜனவரி 18, சியாட்டில். இந்த ஒரு ஆட்டத்தைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம்.

என்.எஃப்.சி. இறுதி. ராட்ஜர்ஸ் கெண்டைக்கால் காயத்தோடு நொண்டிக்கொண்டு ஆடினார். எதிரே சியாட்டில் சீஹாக்ஸ், முந்தைய வருட சாம்பியன். பேக்கர்ஸ் தடுப்பு அன்று பிரமாதமாக ஆடியது. சியாட்டில் குவாட்டர்பேக் ரஸல் வில்சனின் நான்கு பாஸ்களைப் பறித்தார்கள், ஒரு கிக்-ஆஃபில் விழுந்த பந்தையும் சேர்த்து மொத்தம் ஐந்து முறை பந்து கைமாறியது. இப்படி ஆடும் அணி தோற்பது அபூர்வம். ஆனால் முதல் கால் பகுதியில் இரண்டு முறை கோல் கோட்டிலிருந்து ஒரே ஒரு யார்டு தூரத்தில் நான்காவது டவுன் வந்தது. இரண்டு முறையும் மெக்கார்த்தி ஃபீல்டு கோல் உதைக்கச் சொன்னார். ஒரு யார்டு! முயன்று தோற்றாலும் எதிரணி தன் கோல் கோட்டில் முதுகை வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். 14 புள்ளி வந்திருக்கக்கூடிய இடத்தில் 6 வந்தது. இடைவேளையில் 16-0. பார்ப்பதற்குப் பெரிய முன்னிலை. ஆனால் சியாட்டில் இன்னும் உயிரோடு இருந்தது.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது 19-7. மோர்கன் பர்னெட் வில்சனின் நான்காவது பாஸைப் பறித்தார். எதிரே வெறும் புல்வெளி. ஓடியிருந்தால் இன்னும் எத்தனையோ யார்டு கிடைத்திருக்கும். பக்கத்திலிருந்த ஜூலியஸ் பெப்பர்ஸ் கீழே விழச் சொல்லிக் கைகாட்டினார், பர்னெட் உட்கார்ந்துவிட்டார். ஆட்டம் முடிந்துவிட்டது என்று அந்த அணி முழுக்க நம்பியது. அதன் பிறகு மூன்று ஓட்டங்கள், ஒன்றும் நகரவில்லை, பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டார்கள். சியாட்டில் ஒரு டச்டவுன் அடித்தது. அடுத்து ஆன்சைட் கிக், அதாவது உதைத்த அணியே பந்தைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கும் குட்டை உதை. பிராண்டன் பாஸ்டிக்கின் வேலை முன்னால் ஆளை மறிப்பது மட்டும்தான், பந்தைப் பிடிக்க அவருக்குப் பின்னால் ஜோர்டி நெல்சன் நின்றுகொண்டிருந்தார். பாஸ்டிக் குதித்தார், பந்து தலைக்கவசத்தில் பட்டு எதிரணி கைக்குப் போனது. கூடுதல் நேரத்தில் ராட்ஜர்ஸ் பந்தைத் தொடவே இல்லை. 28-22.

அந்த இளைஞர் பாஸ்டிக் மேல் எத்தனை பேர் எவ்வளவு வெறுப்பைக் கொட்டினார்கள்! எதிரணி ரசிகனான எனக்கே மனது கஷ்டமாக இருந்தது. ஒரு ஆன்சைட் கிக்கில் ஆட்டம் தோற்கும் நிலைக்கு அணியைக் கொண்டுவந்தது முதல் கால் பகுதியில் எடுத்த இரண்டு முடிவுகள். பயிற்சியாளரின் பயம் ஆட்டக்காரனின் கையில் தவறாக வெளிப்படுகிறது, பழி ஆட்டக்காரனுக்குப் போகிறது. இதை நான் பல அணிகளில் பார்த்திருக்கிறேன்.

மறுவருடம் அரிசோனாவிலும் கூடுதல் நேரம். ராட்ஜர்ஸ் கடைசி விநாடியில் ஜெஃப் ஜானிஸுக்கு ஒரு நம்பவே முடியாத நெடும் பாஸ் எறிந்து சமன் செய்தார். அடுத்து அரிசோனா முதலில் பந்தை வாங்கியது, லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு 75 யார்டு ஓடினார், பிறகு அவரே டச்டவுனும் அடித்தார், 26-20. மறுபடியும் ராட்ஜர்ஸ் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் பந்து வாங்கிய அணி டச்டவுன் அடித்தால் அதோடு ஆட்டம் முடிந்தது என்ற அந்த விதி பிறகு 2022-ல் பிளே-ஆஃப் ஆட்டங்களுக்கு மாற்றப்பட்டது, இரண்டு அணிக்கும் பந்து கிடைக்க வேண்டும் என்று. ஏழு வருடம் முன்னால் மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பேக்கர்ஸ் ரசிகர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

மெக்கார்த்தியை 2018 டிசம்பர் 2 அன்று நீக்கினார்கள். ராட்ஜர்ஸின் 35-வது பிறந்த நாள் அது. 2019-ல் மேட் லஃப்ளூர் வந்தார். ஆட்களை நகர்த்துவது, ஓடுவதுபோலக் காட்டி எறிவது என்று தாக்குதல் புதிதானது. முதல் மூன்று வருடமும் 13 வெற்றி. ராட்ஜர்ஸுக்கு 2020, 2021-ல் எம்.வி.பி. அப்படியானால் கோச்தான் பிரச்சினை என்ற வாதம் ஜெயித்துவிட்டதா? ஜனவரியைப் பாருங்கள்.

2020 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ 37-20. எதிரணிக் குவாட்டர்பேக் மொத்த ஆட்டத்திலும் எறிய முயன்றது வெறும் 8 முறை. தேவையே வரவில்லை, ரஹீம் மோஸ்டர்ட் 220 யார்டு ஓடி நான்கு டச்டவுன் அடித்தார். தாக்குதல் திட்டம் புதுசு, ஓட்டை பழசு.

2021 ஜனவரி 24, சொந்த மண்ணான லாம்போ ஃபீல்டில் டாம் பிரேடியின் டாம்பா பே. முதல் பாதி முடியும் விநாடியில் கெவின் கிங் என்ற கார்னர்பேக்கை (பந்து வாங்குபவர்களை மறிக்கும் தடுப்பாட்டக்காரர்) தாண்டி ஒரு நீண்ட டச்டவுன். இந்த கிங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2017 டிராஃப்டில் பேக்கர்ஸிடம் 29-வது இடம் இருந்தது. அதை விற்றுவிட்டுக் கீழே இறங்கி 33-வது இடத்தில் கிங்கை எடுத்தார்கள். நடுவில் 30-வது இடத்தில் பிட்ஸ்பர்க் எடுத்துக்கொண்ட பெயர் டி.ஜே. வாட். விஸ்கான்சினில் பிறந்து, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கே ஆடிய பையன். இன்று அவர் எந்த உயரத்தில் இருக்கிறார் என்று ஃபுட்பால் பார்க்கிற யாரையும் கேளுங்கள். "ராட்ஜர்ஸை வீணாக்கியது யார்" என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் கேட்டால், இந்த டிராஃப்டைத்தான் சொல்வேன். தடுப்புக்கு முதல் சுற்று இடங்களை வருடா வருடம் செலவழித்தார்கள், சரியான ஆளைத்தான் எடுக்கவில்லை.

அந்த ஆட்டத்தின் முடிவு எல்லோருக்கும் தெரியும். 31-23 என்று பின்தங்கியிருக்கிறார்கள், கோல் கோட்டிலிருந்து 8 யார்டு, நான்காவது டவுன், 2 நிமிடத்துக்குச் சற்று மேல் மீதி. 8 புள்ளி வேண்டும். லஃப்ளூர் ஃபீல்டு கோல் உதைக்கச் சொன்னார். மூன்று டைம்-அவுட் கையில் இருக்கிறது, தடுப்பு பந்தை மீட்டுத் தரும் என்பது கணக்கு. எதிரே நிற்பவர் பிரேடி! பந்து திரும்பி வரவே இல்லை. கிங் ஒருவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார், பெனால்டி, ஆட்டம் முடிந்தது. அந்த முடிவு தன்னுடையது இல்லை என்று ராட்ஜர்ஸ் பிறகு வெளிப்படையாகவே சொன்னார். மெக்கார்த்தி சியாட்டிலில் செய்த அதே தவறை, அவரிடமிருந்து அணியைக் காப்பாற்ற வந்தவர் செய்தார்.

இங்கேதான் ராட்ஜர்ஸின் பங்கும் வருகிறது. அதே ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் பிரேடி அடுத்தடுத்து மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தார். முதலாவதை பேக்கர்ஸ் டச்டவுன் ஆக்கினார்கள். அடுத்த இரண்டிலும் மூன்று முயற்சியில் ஒன்றும் நடக்காமல் பந்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அது கோச்சின் பயம் இல்லை. கடைசியில் 8 யார்டில் நின்றபோதும் மூன்றாவது டவுனில் வலது பக்கம் ஓட இடம் இருந்தது. ஓடியிருந்தால் டச்டவுன் ஆகியிருக்கும் என்று சொல்லவில்லை, நான்காவது டவுன் கோட்டுக்கு இன்னும் பக்கத்தில் வந்திருக்கும், ஃபீல்டு கோல் பேச்சே எழுந்திருக்காது. அவர் எறிந்தார்.

எங்கள் ரசிகர்கள் "அழுத்தத்தில் சறுக்குகிறார்" என்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அழுத்தத்தில் அவர் என்ன செய்வார் என்பதை நான் நேரில் அனுபவித்தவன். 2013 டிசம்பர் 29, சோல்ஜர் ஃபீல்டு, ஜெயிக்கிற அணிக்கு பிரிவுப் பட்டம். காலர் எலும்பு முறிந்து எட்டு வாரம் கழித்து அவருக்கு அதுதான் முதல் ஆட்டம். நாங்கள் ஒரு புள்ளி முன்னால். நான்காவது டவுன், 8 யார்டு வேண்டும், ஒரு நிமிடத்துக்கும் குறைவு. எங்கள் பயிற்சியாளர்கள் ஏழு பேரைப் பாய அனுப்பினார்கள். பெப்பர்ஸ் நேராக ராட்ஜர்ஸை நோக்கி வந்தார். அப்போது அவர் எங்கள் ஆள். மறுபக்கம் நின்ற ஜான் கூன் கடைசி நொடியில் குறுக்கே விழுந்து பெப்பர்ஸின் காலைத் தட்டிவிட்டார். ராட்ஜர்ஸ் இடது பக்கம் உருண்டு எறிந்தார், ராண்டல் காப் யாருமே இல்லாத இடத்தில் பிடித்தார், 48 யார்டு டச்டவுன், 33-28. இப்படி எறிந்தவரை பயந்தவர் என்று நான் எப்படிச் சொல்வேன்? அடுத்த வருடம் பெப்பர்ஸ் கிரீன் பேக்குப் போனார், பிறகு சியாட்டிலில் பர்னெட்டை உட்காரச் சொன்னது அவர்தான்.

அவருடைய குறை வேறு. பந்தை இழக்கவே கூடாது என்ற அவருடைய உறுதி. 2018-ல் வருடம் முழுக்க 25 டச்டவுன், எதிரணி பறித்த பாஸ் (இன்டர்செப்ஷன்) 2. கேட்கவே ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் அந்த வருடம் அணி 6 வெற்றி, 9 தோல்வி, ஒரு சமன். ஆபத்தான ஒரு சின்னப் பாஸை எறிவதைவிட பந்தை வெளியே எறிவது, அல்லது கையிலேயே வைத்துக்கொண்டு இன்னும் நல்ல வாய்ப்புக்காகக் காத்திருந்து விழுவது அவருக்குச் சரியாகப் பட்டது. 2012-ல் அவரை 51 முறை சாக் செய்தார்கள், அதாவது எறியும் முன்பே கீழே சாய்த்தார்கள், லீக்கிலேயே அதிகம். லீக் ஆட்டங்களில் இந்தக் கணக்கு உங்களுக்கு வெற்றி தரும். ஜனவரிக் குளிரில், எதிரணியும் தவறே செய்யாமல் ஆடும்போது, ஒரு கட்டத்தில் துணிய வேண்டும். கோச் நான்காவது டவுனில் துணியவில்லை, குவாட்டர்பேக் மூன்றாவது டவுனில் துணியவில்லை. இருவருக்கும் ஒரே பழக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2022 ஜனவரி 22 இதற்கு நல்ல சாட்சி. லாம்போவில் பனி விழுந்துகொண்டிருக்க, சான் பிரான்சிஸ்கோவின் தாக்குதல் அணி ஒரு டச்டவுன்கூட அடிக்கவில்லை. அவ்வளவு நாள் திட்டு வாங்கிய தடுப்பு அன்று அவ்வளவு நன்றாக ஆடியது. ராட்ஜர்ஸின் அணி முதல் வாய்ப்பில் டச்டவுன் அடித்தது, அப்புறம் மீதி ஆட்டம் முழுக்க மூன்றே புள்ளி. ஸ்பெஷல் டீம்ஸ் எனப்படும் உதைக்கும் பிரிவு முதல் பாதி முடிவில் ஒரு ஃபீல்டு கோலைத் தடுக்கவிட்டது, நான்காம் கால் பகுதியில் ஒரு பன்ட்டை (பந்தைத் தூரமாகத் தள்ளிவிடும் உதை) தடுக்கவிட்டது, அதைத் தலனோவா ஹுஃபாங்கா எடுத்து டச்டவுன் ஆக்கினார். 10-10. பேக்கர்ஸின் கடைசி முயற்சியில் ராட்ஜர்ஸ் இரண்டு பேர் சூழ்ந்திருந்த தாவன்டே ஆடம்ஸுக்கு நீண்ட பாஸ் எறிந்தார், ஆலன் லசார்டு தனியாக நின்றிருந்தார். கடைசி விநாடியில் 45 யார்டு ஃபீல்டு கோல். அதைத் தடுக்க பேக்கர்ஸ் களத்தில் நிறுத்தியிருந்தது 11 பேர் இல்லை, 10 பேர். உதைத்தவர் ராபி கோல்டு, 2005 முதல் 2015 வரை எங்கள் பேர்ஸின் உதைப்பாளர். 13-10. அந்த உதையை நாங்கள் சிகாகோவில் எங்கள் வெற்றிபோலவே கொண்டாடினோம்.

ஆட்டக்காரர், தடுப்பு, உதைக்கும் பிரிவு, பயிற்சியாளர் என்று வருடத்துக்கு ஒருவர் கைவிட்டார்கள். ஒரே ஒருவரைப் பிடித்துக் குற்றவாளி ஆக்க முடியாது. ஆனால் விகிதம் கேட்டால் சொல்வேன்: முதல் பழி ஆட்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் மேல், அடுத்தது கேப்பர்ஸை அத்தனை வருடம் வைத்திருந்த மெக்கார்த்தி மேல், பிறகு கோல் கோட்டுப் பக்கத்தில் 3 புள்ளியோடு நிறுத்திக்கொண்ட இரண்டு தலைமைப் பயிற்சியாளர்கள் மேல், கடைசியாக ராட்ஜர்ஸ் மேல்.

பேர்ஸ் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர் பேக்கர்ஸின் முதன்மை ஆட்டக்காரராக இருந்த காலத்தில் நம் தலைமைப் பயிற்சியாளர் நாற்காலியில் லவி ஸ்மித், மார்க் டிரெஸ்ட்மன், ஜான் ஃபாக்ஸ், மேட் நேகி, மேட் எபர்ஃப்ளஸ் என்று ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். 10 வெற்றி கண்ட வருடத்தில் லவியை அனுப்பினோம், இரண்டே வருடத்தில் டிரெஸ்ட்மன் அணி கிரீன் பேயில் 55-14 தோற்றது. அன்று முதல் பாதியிலேயே ராட்ஜர்ஸ் ஆறு டச்டவுன் எறிந்தார். 2017 டிராஃப்டில் பின்னாளில் பெரிய நட்சத்திரமான குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் இன்னும் யாராலும் எடுக்கப்படாமல் இருந்தபோது இரண்டாவது இடத்தில் மிட்செல் டிருபிஸ்கி என்ற குவாட்டர்பேக்கை எடுத்தோம், ஐந்தாவது வாரத்தில் களத்தில் இறக்கினோம். அவர்கள் ராட்ஜர்ஸை மூன்று வருடம் உட்காரவைத்தார்கள். 2020-ல் மேலே ஏறி 26-வது இடத்தில் ஜோர்டன் லவ் என்ற இன்னொரு குவாட்டர்பேக்கை எடுத்தபோது ராட்ஜர்ஸுக்கு ஆள் வாங்காமல் இவரை எடுத்தார்களே என்று ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். அவரையும் மூன்று வருடம் உட்காரவைத்தார்கள்.

2023 செப்டம்பர் 10. ராட்ஜர்ஸ் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போய்விட்டார், 15 வருடத்தில் முதல் முறையாக அவர் இல்லாத பேக்கர்ஸோடு சோல்ஜர் ஃபீல்டில் பருவத்தைத் தொடங்குகிறோம். விடுதலை கிடைத்துவிட்டது என்று காலையிலேயே சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். லவ் மூன்று டச்டவுன் எறிந்தார். அதில் பல, லஃப்ளூரின் திட்டத்தால் ஆள் திறந்து நிற்க, எளிதாகப் போய்ச் சேர்ந்த பந்துகள். 38-20 தோற்றோம். மறுநாள் இரவு ராட்ஜர்ஸ் ஜெட்ஸுக்காக நான்காவது முறை பந்தைத் தொட்டபோது குதிகால் தசைநார் அறுந்து கீழே உட்கார்ந்தார். அதைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை.